நேர்காணல்

ஆனி பிறந்தால் நானும் கஜபதியும்
குடியாத்தம் கருவூலத்துக்குப் போவோம்,
நான் உயிரோடு இருப்பதைக் காட்ட.

பரதராமியில் முதல் பஸ்.
சித்தூரில் ஏறியவர்கள் பாதித் தூக்கத்தில்
தெலுங்கில் இருமிக்கொண்டிருப்பார்கள்.
கஜபதி சுபேதாராக இருந்தவர்,
அவர் பென்ஷன் நேராக வங்கிக்கு வந்துவிடும்.
இருந்தும் வருவார்.
"நீ உசுரோட இருக்கறதுக்கு
சாட்சி ஒருத்தன் வேணாமா?"

சோதனைச்சாவடி வரும்போது
நான் வலப்பக்கம் திரும்புவதில்லை.
இப்போது கேமரா, தானே எழுந்து தாழும் கம்பி.
எங்கள் காலத்தில் சவுக்குக் கழி,
அடியில் கட்டிய கல்,
கயிறு பிடிக்க ஒரு ஆள்.

அன்றைக்குக் கயிறு தணிகைவேலுவுக்கு.
காய்ச்சல் என்றான்.
பணிப் பட்டியலில் அவனை அடித்து
மேலே தேசிங்கு என்று எழுதினேன்.
சிவப்பு மை.
எழுத்து அழகாக விழுந்தது,
அதை ஒரு கணம் ரசித்தேன்கூட.

இரண்டு நாற்பது.
மலையோரம் யானைக்குப் போட்ட வெடி
ஓய்ந்திருந்த நேரம்.
விளக்கில்லாமல் ஒரு தக்காளி லாரி.
நான் உள்ளே, நாட்குறிப்பின் முன்னால்,
எழுந்திருக்கக்கூட இல்லை,
உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன்:
"விடாத!"

அவன் விடவில்லை.

விசாரணையில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.
லாரி வந்த வேகம், சாலையின் அகலம்,
குழல்விளக்கு எத்தனை எரிந்தது.
நான் கத்தியதை யாரும் கேட்கவில்லை.
இரண்டாம் நிலைக் காவலர், வயது இருபத்தாறு,
கடமையின்போது.
மூன்று முறை வானத்தைச் சுட்டார்கள்.
மாந்தோப்புக் கிளிகள் மொத்தமும்
ஆந்திராவுக்குப் பறந்துபோய்
சற்று நேரத்தில் திரும்பி வந்தன.

ஒன்பதாவது வருடம்
கல்லப்பாடி தாண்டும்போது
கஜபதியிடம் மட்டும் சொன்னேன்.
அவர் என் தோளைத் தொடவில்லை.
ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.
"பனியில ஒரு போஸ்ட். மண்ணெண்ணெய் தீந்துபோச்சு.
யாருப்பா கீழ போறதுன்னு கேட்டேன்.
மூணு பேரு கை தூக்கனாங்க.
பக்கத்துல இருந்தவன அனுப்புனேன்."
பிறகு,
"பக்கத்துல இருந்தான். அவ்ளோதான்.
மெடல் குடுக்கசொல்ல
என் முடிவெடுக்கும் திறன்னு படிச்சாங்க."
கண்டக்டரைக் கூப்பிட்டு
மீதி இரண்டு ரூபாயைக் கேட்டு வாங்கினார்.

மூன்றாவது மேசையில் புஜ்ஜம்மா.
கருணை அடிப்படையில் வந்த வேலை,
பதினோரு வருடம் ஆகிறது.
முதலில் எல்லாம் என்னைக் கண்டதும் எழுந்து நிற்பாள்,
நான் கூசிப்போவேன்.
இப்போது எழுவதில்லை. நல்லது.
மேசைக் கண்ணாடிக்கு அடியில்
பையனின் பஸ் பாஸ் நகல் ஒன்று.
அவன் மூக்கை நான் பார்ப்பதில்லை.

"வேற எங்கயாவது சம்பளம் வாங்கறீங்களா சார்?"
"இல்லம்மா."
"கட்டைவிரல்."
வைத்தேன். விழவில்லை.
துண்டில் துடைத்து மறுபடி வைத்தேன்.
"ரேகையே இல்ல சார் உங்களுக்கு."
பெஞ்சிலிருந்து கஜபதி சிரித்தார்.

ஒவ்வொரு வருடமும் பஸ்ஸில்
ஒரு வாக்கியத்தை அடுக்கிக்கொண்டு வருவேன்.
அம்மா, அன்னிக்கு ராத்திரி நான்,
என்பது வரைக்கும் சரியாக இருக்கும்.
இந்த முறை வாயைத் திறந்துவிட்டேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்
என் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.
"அப்படியே பிடிங்க சார்.
நான் சொல்றவரைக்கும் விடாதீங்க."

விடவில்லை.
பச்சை விளக்கு எரிந்தது.
"போதும் சார்" என்றாள்.
"சார், போதும்."
எனக்குப் பின்னால் நின்றவர்
தொண்டையைச் செருமினார்.